காலிக் கட்டடத்தில் உள்ளிருப்பு: சூப்பர் மார்க்கெட்டை எதிர்க்கும் தெருவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்திலுள்ள பிரிஸ்டல் நகரின் ஸ்டோக்ஸ் கிராஃப்ட் பகுதியில் மூடிக்கிடந்த நகைச்சுவை அரங்கு ஒன்றுக்கு டெஸ்கோ (பெரிய சூப்பர் மார்க்கெட் நிறுவனம்) வரப்போகிறது என்று 2010 தொடக்கத்தில் மக்களுக்குத் தெரியவந்தது. அதற்குள் முக்கியமான அனுமதி கிடைத்துவிட்டிருந்தது. அந்த இடத்தைக் கடையாக மாற்றக் கேட்ட விண்ணப்பத்தில் டெஸ்கோவின் பெயரே இல்லை. யாரோ கடை வைக்கப் போகிறார்கள் என்று தெரு சும்மா இருந்துவிட்டது. பிறகு கோபம் கொண்டவர்கள் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். மார்ச்சில் வெளியேற்றப்பட்டார்கள். 2011 ஏப்ரலில் கடை திறந்தது.

கேம்பிரிட்ஜின் மில் ரோட்டிலும் இதுபோலத்தான். 2007-08இல் டெஸ்கோ எடுத்திருந்த காலிக் கடைக்குள் ஆர்வலர்கள் புகுந்து அதை ஒரு சமூக மையமாக நடத்தினார்கள். 2009இல் அங்கேயும் கடை வந்தது. ஆனால் கட்டடத்தைப் பின்பக்கம் நீட்டிக்க நிறுவனம் கேட்ட அனுமதி கிடைக்கவில்லை. வந்த கடை, திட்டமிட்டதைவிடச் சிறியது.

இந்த இரண்டையும் முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. உள்ளிருப்பு உங்களுக்கு நாள் வாங்கித் தரும். ஊர் கண்ணை அந்தக் கட்டடத்தின் பக்கம் திருப்பும். கிடைத்த நாளில் கோப்புகளோடு மல்லுக்கட்ட ஆள் இல்லையென்றால் பூட்டிய கதவு பூட்டியபடியே கைமாறிவிடும். அதனால் இந்த வழிகாட்டியில் கட்டடத்துக்குள் போவது நாலாவது படி. முதல் மூன்றையும் தாண்டிக் குதிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கீழே வரும் சட்டமெல்லாம் இங்கிலாந்துக்கானது. உள்ளிருப்பு பற்றிய பகுதி வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்தில் 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியின்றிக் குடியேறுவதே குற்றம். அங்கே இருப்பவர்கள் இதைப் பார்த்து எதுவும் செய்ய வேண்டாம்.

படி 1: காகிதத்தைப் பிடியுங்கள்

முதல் கேள்வி: வரப்போகிற கடைக்குத் திட்ட அனுமதி (கட்டடத்தைக் கட்டவோ அதன் பயன்பாட்டை மாற்றவோ உள்ளாட்சி மன்றமான கவுன்சில் தரும் அனுமதி) தேவையா, தேவையில்லையா?

கட்டடங்களை அவற்றின் பயன்பாட்டை வைத்து வகை பிரித்திருக்கிறார்கள். 2020 செப்டம்பர் 1 முதல் கடை, உணவகம், வங்கி, அலுவலகம், உடற்பயிற்சிக் கூடம் எல்லாம் 'இ' (Class E) என்ற ஒரே வகைக்குள் வந்துவிட்டன. ஒரே வகைக்குள் மாறுவதற்கு அனுமதி வேண்டாம். நேற்றுவரை உணவகமாக இருந்த இடம் நாளை சூப்பர் மார்க்கெட் ஆகலாம். கவுன்சில் கேள்வி கேட்க முடியாது. பப், திரையரங்கு, இசை அரங்கு ஆகியவை எந்த வகையிலும் சேராத தனி இனம். அவற்றைக் கடையாக்க அனுமதி கேட்டே ஆக வேண்டும். உங்கள் காலிக் கட்டடம் பழைய பப் என்றால் கையில் ஓர் ஆயுதம் இருக்கிறது. பழைய துணிக்கடை என்றால் அந்த ஆயுதம் இல்லை; வேறு வழிகளைத் தேட வேண்டும்.

அனுமதியே வேண்டாத இடத்திலும் சிறு சிறு விண்ணப்பங்கள் வரும். கடை முகப்பு மாற்ற, குளிர்சாதன இயந்திரங்களைப் பின்சுவரில் பொருத்த, ஒளிரும் பலகை வைக்க, பணம் எடுக்கும் இயந்திரம் பதிக்க, கட்டடத்தை நீட்டிக்க என்று தனித்தனியாக வரும். மில் ரோட்டில் மக்களுக்குப் பிடி கிடைத்தது இப்படி ஒன்றில்தான். எனவே கவுன்சில் இணையதளத்தில் அந்த முகவரிக்கு மின்னஞ்சல் அறிவிப்பு போட்டு வையுங்கள். விண்ணப்பதாரர் பெயர் கேள்விப்படாத ஒரு சொத்து நிறுவனமாக இருந்தாலும் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். லாரி நிறுத்தும் இடம், குளிர்பதன அறை, வரிசையாகக் கல்லாக்கள் இருந்தால் உள்ளே வருவது யாரென்று ஊகிக்கலாம். கடைப் பரப்பு 280 சதுர மீட்டருக்குச் சற்றுக் கீழே நிற்கிறதா என்றும் பாருங்கள். 1994ஆம் ஆண்டின் ஞாயிறு வணிகச் சட்டப்படி அதைவிடப் பெரிய கடை ஞாயிறன்று ஆறு மணி நேரம்தான் திறக்கலாம். பெரிய நிறுவனங்களின் சின்னக் கடைகள் பல அந்த அளவுக்குள் அடங்குவது தற்செயல் இல்லை.

திட்ட விண்ணப்பத்துக்கு ஆட்சேபம் எழுத வழக்கமாக 21 நாள். என்ன எழுதுவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 'எங்கள் கடைகள் நசிந்துபோகும்' என்பது தெருவின் உண்மையான பயம். இங்கே தமிழர் பலர் மூலைக்கடை வைத்துப் பிழைக்கிறவர்கள் என்பதால் நம் வீடுகளிலேயே அந்தப் பயம் இருக்கிறது. ஆனால் ஒரு கடைக்கு இன்னொரு கடை போட்டி என்பது திட்டச் சட்டத்தில் ஏற்கத்தக்க காரணம் ஆகாது. கடைக்காரர் கையெழுத்து அந்த ஒரு வரியோடு போனால் அதிகாரி அதை ஓரமாக வைத்துவிடுவார். அதே கடைக்காரர், காலை ஆறு மணிக்கு இந்த வளைவில் லாரி பின்னோக்கி வந்தால் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் நடைபாதையை விட்டு இறங்க வேண்டும் என்று எழுதினால், அதற்கு அதிகாரி பதில் சொல்ல வேண்டும். போக்குவரத்து, இரைச்சல், சரக்கு இறக்கும் நேரம், குப்பை, நடைபாதை அகலம், கட்டடத்தின் தோற்றம் இவைதான் எடுபடும் சொற்கள். பெரிய திட்டமாக, நகர மையத்துக்கு வெளியே 2,500 சதுர மீட்டருக்கு மேல் வருகிறதென்றால், சுற்றுவட்டாரக் கடைத்தெருக்களுக்கு என்ன ஆகும் என்ற தாக்க மதிப்பீட்டைக் கேட்கலாம். அங்கே மட்டும் கடைத்தெருவின் நலம் சட்டத்தின் காதில் விழும்.

இன்னொரு கசப்பான விஷயம். அனுமதி மறுக்கப்பட்டால் நிறுவனம் மேல்முறையீடு செய்யலாம். அனுமதி கொடுக்கப்பட்டால் மக்களுக்கு மேல்முறையீடு கிடையாது. முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று பார்க்கும் நீதிமன்றச் சீராய்வு மட்டுமே வழி. அதற்கும் ஆறு வாரம்தான் கெடு, செலவும் அதிகம்.

அடுத்தது மதுபான உரிமம். இதைப் பலர் கவனிப்பதேயில்லை. உரிமம் கேட்டிருக்கும் அறிவிப்பை வெளிர்நீல நிற ஏ4 தாளில், வெளியிலிருந்து படிக்க முடிகிற மாதிரி கட்டடத்தில் ஒட்ட வேண்டும் என்று விதி. கண்ணாடியின் கீழ்மூலையில், உள்பக்கம் வெயில் பட்டு வெளுத்து ஒட்டியிருக்கும். அதைப் பார்த்த நாளிலேயே படம் எடுத்துவிடுங்கள். ஆட்சேபத்துக்கு 28 நாள். குற்றமும் ஒழுங்கீனமும், பொதுப் பாதுகாப்பு, பொதுத் தொல்லை, சிறுவர் பாதுகாப்பு என்ற நான்கு நோக்கங்களில் ஒன்றைத் தொட்டே எழுத வேண்டும். உரிமம் கிடைக்காத சூப்பர் மார்க்கெட் வரவே மாட்டேன் என்று சொல்லாது. ஆனால் அதன் கணக்கு மாறும்.

படி 2: தெருவைச் சேருங்கள்

கட்டடத்துக்குள் போகிறவர்கள் பத்துப் பேர் என்றால், வெளியே அவர்களைத் 'தெரியும்' என்று சொல்ல இருநூறு பேர் வேண்டும். வீடு வீடாகப் போய், கடை வேண்டாமா என்று மட்டும் கேட்காமல், அந்த இடத்தில் என்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சூப்பர் மார்க்கெட் வந்தால் நல்லது என்பவர்களும் இருப்பார்கள். விலைவாசியில் நொந்துபோன குடும்பம் அப்படிச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவர்களிடம் வாதாட வேண்டாம், காதுகொடுத்துக் கேளுங்கள். அங்கே கிடைக்கும் பதில்தான் பின்னால் உங்கள் மாற்றுத் திட்டம்.

இதே கட்டத்தில் 'சமூக மதிப்புள்ள சொத்து' என்று அந்தக் கட்டடத்தைப் பட்டியலில் சேர்க்கக் கவுன்சிலிடம் விண்ணப்பியுங்கள். 2011ஆம் ஆண்டின் லோக்கலிசம் சட்டம் தந்த வழி இது. பதிவு செய்த சங்கம் இல்லாவிட்டாலும், அந்தப் பகுதி வாக்காளர் பட்டியலில் இருக்கும் 21 பேர் சேர்ந்த குழு போதும். கவுன்சில் எட்டு வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும். பட்டியலில் ஏறிவிட்டால் ஐந்து ஆண்டு நிற்கும். உரிமையாளர் விற்க நினைத்தால் சொல்ல வேண்டும். நீங்கள் ஆறு வாரத்துக்குள் விருப்பம் தெரிவித்தால், மொத்தம் ஆறு மாதம் மற்றவருக்கு விற்பனை நிற்கும்.

கட்டடம் அண்மைக்காலம் வரை சமூகத்துக்குப் பயன்பட்டது என்று காட்ட வேண்டியிருக்கும். பழைய நிகழ்ச்சித் துண்டறிக்கை, கல்யாணப் படம், குழந்தைகள் குழுவின் அட்டவணை எல்லாமே சான்றுதான். ஒரு ஓட்டையும் உண்டு: விற்பனையும் 25 ஆண்டோ அதற்கு மேலோ உள்ள குத்தகையும்தான் இந்தச் சட்டத்துக்குள் வரும். சூப்பர் மார்க்கெட் இருபது ஆண்டு லீஸில் வந்தால் தடுப்பு வேலை செய்யாது. ஆறு மாதம் முடிந்ததும் உங்களுக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயமும் உரிமையாளருக்கு இல்லை.

படி 3: முதலில் கேட்டுப் பாருங்கள்

உரிமையாளர் யாரென்று நிலப் பதிவகத்தில் சிறு கட்டணத்தில் தெரிந்துகொள்ளலாம். அவருக்கு ஒரு கடிதம் எழுதி, இடைக்காலத்துக்குக் கட்டடத்தைக் கேளுங்கள். கடை மூன்று மாதத்துக்கு மேல் காலியாக இருந்தால் பொதுவாக அவர் வணிகக் கட்டடத்துக்கான வரியை முழுசாகக் கட்டுகிறார். அறக்கட்டளை ஒன்று குடிவந்தால் அந்த வரியில் 80 சதவீதம் தள்ளுபடி, மீதியும் குடிவந்தவர் பெயரில் போய்விடும். காலிக் கட்டடம் வைத்திருக்கும் நிறைய பேருக்கு இது உறைக்கும் கணக்கு.

கவுன்சிலிடமும் கேளுங்கள். 2024 டிசம்பர் முதல், 24 மாதத்தில் 365 நாளுக்கு மேல் காலியாகக் கிடக்கும் கடைத்தெருக் கட்டடங்களை ஒன்று முதல் ஐந்து ஆண்டு வரை குத்தகைக்கு ஏலம்விடக் கவுன்சில்களுக்கு அதிகாரம் வந்திருக்கிறது. உரிமையாளர் மறுத்தாலும் செய்யலாம். உங்கள் கவுன்சில் அதைப் பயன்படுத்த முன்வருமா என்பது கவுன்சிலர்களை எவ்வளவு தூரம் நெருக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

கேட்டீர்கள், மறுத்தார்கள் என்ற கடிதம் கையில் இருப்பது பின்னால் நீதிமன்றத்திலும் பத்திரிகையிலும் பெரிய பலம்.

படி 4: கட்டடத்தைப் பற்றிய சட்டம்

2012 செப்டம்பர் 1 முதல் குடியிருப்புக் கட்டடத்தில் அனுமதியின்றி நுழைந்து தங்குவது குற்றம். ஆறு மாதம் வரை சிறை உண்டு. கடை, அலுவலகம், பப், நூலகம் போன்றவற்றில் இருப்பது இன்னும் உரிமையியல் விவகாரம்தான்.

மேலே வீடும் கீழே கடையுமாக இருக்கும் கட்டடங்கள் ஆங்கிலக் கடைத்தெருக்களில் ஏராளம். அந்த மேல்மாடி வசிப்பதற்கென்று கட்டப்பட்டது. அங்கே ஒரு மெத்தை போட்டுப் படுத்தால் உரிமையியல் குற்றவியலாகிவிடும். மாடிப்படி தெரிந்தால் வழக்கறிஞரைக் கேட்காமல் அந்தக் கட்டடத்தைத் தொடாதீர்கள்.

பூட்டு உடைத்தல், கண்ணாடி நொறுக்கல், கம்பி வெட்டுதல் எல்லாம் சொத்துச் சேதக் குற்றம். உடைக்காமல் போக வழியில்லாத கட்டடத்தை விட்டுவிடுங்கள். மின்சாரம் இன்னொரு பொறி. கணக்கில் வராமல் ஒரு கெட்டில் தண்ணீர் கொதிக்கவைத்தாலும் மின் திருட்டுதான். முதல் நாளே மீட்டரைப் படம் எடுத்து, மின் நிறுவனத்தை அழைத்துக் கணக்கு திறக்கும்வரை மெழுகுவத்தியும் வேண்டாம், மெயின் சுவிட்சும் வேண்டாம், டார்ச் போதும்.

யார் உள்ளே போகக் கூடாது என்பதையும் வெளிப்படையாகப் பேசுங்கள். விசாவில் இருப்பவர்கள், புகலிட வழக்கு நிலுவையில் உள்ளவர்கள், வேலைக்குக் குற்றப்பதிவுச் சான்று கட்டாயமாக உள்ளவர்கள் வெளி வேலைகளைப் பார்க்கட்டும். துணிச்சல் காட்டச் சொல்லி யாரையும் உசுப்பேற்ற வேண்டாம். சமையல், துண்டறிக்கை, கோப்பு வாசிப்பு, ஆட்சேபம் எழுதுவது என்று வெளியே வேலைக்குப் பஞ்சமே வராது.

படி 5: முதல் இரண்டு நாள்

கதவில் ஒட்டும் அறிவிப்பைப் போராட்டக்காரர்கள் 'செக்‌ஷன் ஆறு' என்பார்கள். 1977ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத்தின் ஆறாவது பிரிவு அது: உள்ளே ஆள் இருந்து எதிர்க்கும்போது, வன்முறையாலோ மிரட்டலாலோ யாரும் உள்ளே புக முடியாது. உரிமையாளர் அனுப்பிய அடியாளுக்கும் இது பொருந்தும். இந்தப் பாதுகாப்பு தாளில் இல்லை, உள்ளே இருக்கும் ஆளிடம் இருக்கிறது. ஒரு மணி நேரம் எல்லாரும் சாப்பிடப் போனால் பூட்டு மாறியிருக்கும். எனவே முறை போடுங்கள். எப்போதும் குறைந்தது இருவர் உள்ளே. ஒருவர் தூங்கினால் ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

காவலர் வந்தால் பேசுவதற்கு ஒருவரை மட்டும் நியமித்து வையுங்கள். கதவைத் திறக்காமல், மரியாதையாக, 'இது குடியிருப்புக் கட்டடம் இல்லை, எதையும் உடைக்கவில்லை, வழக்கறிஞர் எண் இது' என்று சொன்னால் போதும். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசும் இடத்தில்தான் தவறான ஒரு வாக்கியம் வாயிலிருந்து விழும்.

அறை அறையாகப் படம் எடுங்கள். ஏற்கெனவே உடைந்த ஜன்னல், ஒழுகும் கூரை, கழற்றிப்போன குழாய் எல்லாம் தேதியோடு. பின்னால் சேதத்துக்கு நஷ்டஈடு கேட்டால் இந்தப் படங்களே பேசும்.

படி 6: திறந்த கதவாக நடத்துங்கள்

லண்டனின் வடக்கே பார்னெட் கவுன்சில் 2012 ஏப்ரலில் ஃப்ரையர்ன் பார்னெட் நூலகத்தை மூடியது. செப்டம்பரில், பொது இடங்களில் கூடாரமிட்டுச் சமத்துவமின்மையை எதிர்த்த ஆக்குப்பை (Occupy) இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் அந்தக் காலிக் கட்டடத்துக்குள் போனார்கள். போன கையோடு கதவைத் திறந்து மீண்டும் நூலகமாக நடத்தத் தொடங்கினார்கள். ஊர்க்காரர்கள் புத்தகங்களைக் கொண்டுவந்து குவித்தார்கள். கவுன்சில் வழக்குப் போட்டு டிசம்பரில் வெளியேற்ற உத்தரவையும் பெற்றது. ஆனாலும் 2013 பிப்ரவரியில் சாவியை ஊர்மக்கள் கையில் கொடுக்கவேண்டி வந்தது. உள்ளிருந்தவர்கள் தாமாக வெளியேறினார்கள். நூலகம் தன்னார்வலர்களால் தொடர்ந்தது. அது சூப்பர் மார்க்கெட் எதிர்ப்பு இல்லைதான். ஆனால் கட்டடம் எதற்கு வேண்டும் என்று அவர்கள் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உள்ளே போனவர் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். மூன்றாம் நாளிலிருந்து ஓர் அட்டவணை கதவில் தொங்கட்டும்: காலை குழந்தைகளுக்கு, மாலை சைக்கிள் பழுதுபார்ப்பு, சனிக்கிழமை இலவசத் துணி மாற்று. தெருவில் கேட்டு எழுதியதிலிருந்து எடுங்கள். கடைக்கு எதிரான பதாகை வெளியே ஒன்று போதும். உள்ளே வந்த மூதாட்டிக்கு உட்கார நாற்காலியும் சூடான தேநீரும் கிடைக்க வேண்டும்; கட்டாய அரசியல் பாடம் வேண்டாம். குடியும் போதையும் வாசலுக்கு வெளியே என்ற விதியை முதல் கூட்டத்திலேயே போட்டு, கறாராக நில்லுங்கள். ஒரே ஒரு இரவுக் கூத்து அண்டைவீட்டுக்காரரை எதிர்ப்பக்கம் தள்ளிவிடும்.

கூடவே கூட்டுறவுச் சங்கமாகவோ சமூக நலச் சங்கமாகவோ பதிவு செய்யத் தொடங்குங்கள். பங்கு விற்றுப் பணம் திரட்டவும், குத்தகையில் கையெழுத்திடவும் ஒரு சட்டப் பெயர் வேண்டும்.

படி 7: வழக்கு

நான் பார்த்த ஒரு வழக்கில் அழைப்பாணை ஒரு மழைநாள் காலையில் வந்தது. கதவில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறை, நாலு மூலையிலும் டேப், உள்ளே தாள்கள், மேலே எங்களுக்கு வைத்த பெயர்: 'யாரென்று தெரியாத நபர்கள்'. சட்டப்படி அப்படி ஒட்டினாலே சேர்ப்பித்ததாகக் கணக்கு. நாங்கள் அதைக் கழற்றும்போது உறைக்குள் ஈரம் பூத்து, விசாரணை நேரம் எழுதியிருந்த வரி மங்கியிருந்தது. நீதிமன்றத்துக்கு போன் செய்து கேட்டுத்தான் உறுதிசெய்தோம். நீங்களும் உறையைப் பார்த்ததும் முதலில் தேதி, நேரத்தைப் படம் எடுங்கள்.

குடியிருப்பு அல்லாத இடத்துக்கு, சேர்ப்பித்த நாளுக்கும் விசாரணைக்கும் நடுவே இரண்டு நாள் இருந்தால் போதும். எங்கள் விசாரணை பத்து நிமிடம்கூட நடக்கவில்லை. உரிமையாளரின் உரிமை தெளிவாக இருந்தால் அவருக்கு வெளியேற்ற உத்தரவு கிடைத்துவிடும் என்ற மனத்தயாரிப்போடு போங்கள். உடைமைப் பத்திரத்தில் பிழை, சேர்ப்பித்ததில் பிழை இருந்தால் தள்ளிவைப்பார்கள். அது இன்னும் ஒரு வாரம். வாதாட விரும்புகிறவர் தன் பெயரைப் பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டும். தோற்றால் எதிர்த்தரப்புச் செலவு அவர் தலையில் விழலாம். யார் என்பதை முன்னிரவில் அவசரமாக முடிவுசெய்யாதீர்கள்.

வழக்கு முடியும் முன்பே கட்டடத்தை உரிமையாளருக்குத் திருப்பித் தரும் 'இடைக்கால உடைமை உத்தரவு' என்று ஒன்று இருக்கிறது. உரிமையாளர் விஷயம் தெரிந்த 28 நாளுக்குள் கேட்டால் அது கிடைக்கலாம். கதவில் சேர்ப்பித்த 24 மணி நேரத்துக்குள் வெளியேறாவிட்டால் அது குற்றம். ஓராண்டுக்குள் திரும்பி வருவதும் குற்றம். எந்த உத்தரவு வந்திருக்கிறது என்று தலைப்பை நிதானமாகப் படியுங்கள். சாதாரண உத்தரவை அமலாக்க வரும் நீதிமன்ற பெய்லிஃபை எதிர்த்து மறிப்பதும் குற்றமே.

படி 8: வெளியேறும் நாளும் அதற்குப் பிறகும்

வெளியேறும் நாளைப் போராட்டத்தின் பகுதியாகவே திட்டமிடுங்கள். முந்தைய நாள் கூட்டிப் பெருக்கி, மீட்டரைப் படம் எடுத்து, மின் கட்டணம் கட்டிவிடுங்கள். புத்தகங்களும் நாற்காலிகளும் போக ஒரு இடம் முன்கூட்டியே இருக்கட்டும்: ஒரு தேவாலயக் கூடம், ஒரு சங்கத்தின் பின்னறை. காலையில் அட்டவணையோடு எல்லாரும் சேர்ந்து அங்கே நடந்து போங்கள். செவ்வாய்க்கிழமை சைக்கிள் பழுதுபார்ப்பு அந்தச் செவ்வாயும் நடக்க வேண்டும். ஒரு வாரம் விட்டுப்போனால் கூட்டம் கலைந்துவிடும்.

கடை கடைசியில் வந்தேவிட்டால், அதன் அனுமதியில் இருக்கும் நிபந்தனைகளைத் தரவிறக்கி அச்சிடுங்கள். சரக்கு இறக்கும் நேரம், இயந்திர இரைச்சல் அளவு, விளக்கு அணைக்கும் நேரம் எல்லாம் அதில் இருக்கும். எதிர்வீட்டு ஜன்னலோரம் ஒரு கோடு போட்ட நோட்டும் பேனாவும் வையுங்கள். தேதி, லாரி வந்த நேரம், போன நேரம், வண்டி எண், நின்ற இடம் என்று ஐந்து பத்தி. நிபந்தனை மீறிய ஒவ்வொரு நாளையும் கவுன்சிலின் அமலாக்கப் பிரிவுக்கு அந்த நோட்டின் படத்தோடு அனுப்புங்கள். நீட்டிப்புக்கோ கூடுதல் நேரத்துக்கோ கடை மறுபடி விண்ணப்பித்தால், அந்த நோட்டின் முதல் பக்கத்திலிருந்து நகல் எடுத்து ஆட்சேபத்தோடு சேர்த்துவிடுங்கள்.